நின்றுபோன நாவலும் வியாழக்கிழமை வட்டமும்: இன்க்லிங்ஸ் குழு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

எழுத்துக் குழுவில் சேர்ந்தால் எழுத்து மேம்படுமா என்றுதான் பொதுவாகக் கேட்கிறார்கள். எழுதுகிறவர்களில் பலருடைய தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. உற்சாகமாகத் தொடங்குகிறோம், நாலு அத்தியாயம் போகிறது. வேலை, வீடு, உடம்பு என்று ஏதோ ஒன்றில் தடைபட்டு நிற்கிறது. அப்புறம் அதைத் திறந்து பார்க்கவே கூச்சமாகிவிடுகிறது. இப்படி நின்றதைத் திரும்ப எடுக்க ஒரு குழு உதவுமா, உதவினால் எந்த வழியில் உதவுகிறது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

இதற்கு நான் எடுத்துக்கொண்டது ஆக்ஸ்ஃபோர்டின் இன்க்லிங்ஸ் வட்டம். 1930-களின் தொடக்கத்திலிருந்து 1949 வரை, அங்கே ஆசிரியராக இருந்த எழுத்தாளர் சி.எஸ். லூயிஸைச் சுற்றிக் கூடிய நண்பர் குழு அது. உறுப்பினர்களின் கடிதங்களும், லூயிஸின் அண்ணன் வாரன் எழுதிய நாட்குறிப்பும், நாவல்களின் பல கட்டத்துக் கையெழுத்துப் பிரதிகளும் மிஞ்சியிருக்கின்றன. அதனால் யார் எப்போது எதை வாசித்தார், எங்கே நின்றுபோனார் என்பதை ஓரளவு நெருக்கமாகவே பின்தொடர முடிகிறது. மையப் பாத்திரம் ஜே.ஆர்.ஆர். டோல்கீன். ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலை அவர் 1937 டிசம்பரில் தொடங்கி 1949-ல் முடித்தார். இடையில் மூன்று முறை பெரிதாக நின்றுபோனார். அந்த மூன்றும்தான் நமக்கு முக்கியம்.

முன்கதை: தடுமாறப் பழகியவர்கள்

இன்க்லிங்ஸ் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1925-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஆங்கிலோ-சாக்ஸன் பேராசிரியராக வந்த டோல்கீன், மறு வருடமே ‘கோல்பீட்டர்’ என்று ஒரு வாசிப்பு வட்டத்தைத் தொடங்கினார். பழைய ஐஸ்லாந்துக் கதைகளை மூலமொழியில் படிப்பது அதன் வேலை. ஆளுக்கொரு பகுதியாக முறைவைத்து வாசித்து, அங்கேயே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். மொழி கைவந்த டோல்கீன் பக்கம் பக்கமாகப் போவார். புதிதாகக் கற்றுக்கொள்ள வந்த லூயிஸ் போன்றவர்கள் கொஞ்சம் வரிகளோடு நிறுத்திக்கொள்வார்கள். அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

பார்வைக்குச் சின்ன விஷயம். ஆனால் அந்த அறையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக ஆசிரியர்கள். பகலெல்லாம் தெரிந்தவர்களாக நடமாடுகிறவர்கள். ஒருவர் முன்னால் ஒருவர் தப்பும் தவறுமாக வாசித்துப் பழகியிராவிட்டால், பின்னாளில் முடிக்காத அத்தியாயத்தைச் சட்டென்று எடுத்து நீட்டியிருப்பார்களா என்பது சந்தேகம்தான். பல எழுத்துக் குழுக்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதித்து, முதல் நாளே படைப்பைக் கேட்கின்றன. பாதிப் பேர் மறு வாரம் வராமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்த படி 1929 டிசம்பரில் நடந்தது. டோல்கீன் தன்னுடைய முடிக்காத நீண்ட செய்யுள் ஒன்றை லூயிஸிடம் படிக்கக் கொடுத்தார். அதுவரை அதை மிகச் சிலரே பார்த்திருந்தார்கள். லூயிஸ் ஒரே இரவில் அதில் ஆழ்ந்துபோய், இப்படி ஒரு மாலையை அனுபவித்து வெகுகாலமாயிற்று என்று உடனே கடிதம் எழுதினார். விவரமான விமர்சனம் பின்னால் வரும், வரிவரியாக முணுமுணுப்புகளும் உண்டு என்று அதிலேயே எச்சரித்தும் வைத்தார்.

அந்த விமர்சனத்தை லூயிஸ் எழுதிய விதம்தான் அழகு. செய்யுளைப் பல நூற்றாண்டு பழமையான சுவடியாகப் பாவித்துக்கொண்டார். பீபாடி, பம்பர்நிக்கல் என்று இல்லாத அறிஞர்களை உண்டாக்கி, அவர்கள் பாடபேதங்களைப் பற்றி ஒருவரோடொருவர் சண்டைபோடுவதுபோல் ஓர் உரை எழுதினார். மோசமான வரி வந்தால் அது ஆசிரியர் எழுதியது இல்லை, பின்னால் படியெடுத்தவன் கெடுத்தது என்று ஒரு ‘அறிஞர்’ சாதிப்பார். மாற்று வரியையும் ‘வேறு சுவடியில் இப்படி இருக்கிறது’ என்று கொடுத்துவிடுவார். குறை சொல்லியாகிவிட்டது, திருத்தமும் சொல்லியாகிவிட்டது. எழுதியவர் தலைகுனிய வேண்டிய அவசியமும் இல்லை. லூயிஸ் குறைகண்ட வரிகளில் பெரும்பாலானவற்றை டோல்கீன் பின்னர் திருத்தினார் அல்லது திருத்தக் குறித்துவைத்தார்.

கவனிக்க வேண்டியது வரிசை. பிடித்திருக்கிறது என்ற கடிதம் உடனே போனது, விமர்சனம் பிறகு போனது. அதுவும் மேலோட்டமான பாராட்டு இல்லை. இந்த மனிதர் நம்முடையதை முழுசாகப் படித்திருக்கிறார் என்பது எழுதியவருக்கு ஐயமறத் தெரிந்தபின்தான் குறை வந்தது.

குழுவின் பெயர்கூட இரவல்தான். 1930-களின் தொடக்கத்தில் எட்வர்ட் டாஞ்சி லீன் என்ற மாணவர் ஒரு மன்றம் நடத்தினார்; அச்சாகாத படைப்புகளை உரக்க வாசித்து அங்கேயே விமர்சிப்பது அதன் வழக்கம். லூயிஸும் டோல்கீனும் அதற்குப் போவார்கள். 1933-ல் லீன் படிப்பு முடிந்து வெளியேறியதும் மன்றம் கலைந்தது. பெயரும் வழக்கமும் லூயிஸின் நண்பர்களிடம் வந்து சேர்ந்தன.

ஒரு வியாழன் இரவு

இடம் மாட்லின் கல்லூரியில் லூயிஸின் அறை. நேரம் வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஆறேழு பேர் வந்து சேர்ந்ததும் தேநீர் போடப்படும், புகைக்குழாய்கள் பற்றவைக்கப்படும். அப்புறம் லூயிஸ் கேட்பார்: யாரும் வாசிக்க ஒன்றும் கொண்டுவரவில்லையா? யாராவது ஒருவர் கையெழுத்துப் பிரதியை எடுப்பார். மற்றவர்கள் தீர்ப்புச் சொல்லத் தயாராக உட்காருவார்கள். இந்தச் சித்திரம் வாரனுடையது.

இது சங்கமும் இல்லை, இலக்கிய மன்றமும் இல்லை, இரண்டின் சாயலும் கொஞ்சம் உண்டு என்கிறார் அவர். விதிகள், பொறுப்பாளர்கள், நிகழ்ச்சி நிரல், உறுப்பினர் தேர்தல் எதுவும் கிடையாது. செவ்வாய்க்கிழமை முற்பகலில் ‘ஈகிள் அண்ட் சைல்ட்’ என்ற பப்பில் கூடுவது தனி. அங்கே அரட்டை, இங்கே வாசிப்பு. இரண்டும் வெவ்வேறு நாளில் இருந்தது நல்ல ஏற்பாடு. ஊர்க்கதை பேசித் தீர்க்க வேறு ஒரு நாள் இருந்ததால் வியாழக்கிழமை வாசிப்புக்கு மிச்சமானது.

நாள் நிலையானது, ஆனால் யார் வாசிப்பது என்பது நிலையில்லை. இந்தச் சேர்க்கையைத்தான் நான் முதன்மையான கண்டுபிடிப்பாகச் சொல்வேன். ‘அடுத்த வாரம் உன் முறை’ என்று அட்டவணை போட்டால், எழுத முடியாமல் போனவர் அந்த வாரம் தலைமறைவாகிவிடுவார். இங்கே எழுதாதவரும் வரலாம், கேட்கலாம், கருத்துச் சொல்லலாம். கேள்வி மட்டும் வாராவாரம் எழும். அது குறிப்பிட்ட ஒருவரை நோக்கி எழுந்த கேள்வியும் இல்லை. பதில் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் அதே கேள்வி காதில் விழுந்துகொண்டிருந்தால் ஒருநாள் கை பைக்குள் போகத்தான் செய்யும்.

பாராட்டில் கஞ்சத்தனம் இருக்காது, கண்டிப்பில் ஈவிரக்கமும் இருக்காது என்றும் வாரன் பதிவுசெய்கிறார். அங்கே வாசிப்பது ஒரு பெரிய சோதனைதான். ‘அருமை, தொடருங்கள்’ என்று முதுகு தட்டி அனுப்பும் குழுக்கள் சீக்கிரமே சலித்துப்போவதற்கும், இந்தக் குழு பதினைந்து வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்ததற்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பாராட்டு என்றால், அந்தப் பாராட்டுக்காக யாரும் இரவில் கண்விழித்து எழுத மாட்டார்கள்.

நின்ற இடங்களும் திரும்பிய விதமும்

1937 செப்டம்பரில் டோல்கீனின் ‘த ஹாபிட்’ வெளிவந்து நன்றாகப் போனது. பதிப்பாளர் தொடர்ச்சி கேட்டார். டிசம்பரில் டோல்கீன் முதல் அத்தியாயத்தை எழுதினார். ஹாபிட்டுகள் என்ற குட்டை மனிதர்களின் வம்புப் பேச்சை எழுதுவதில் அவருக்கு அலாதி ருசி. பக்கம் பக்கமாக அது ஓடியது. ஹாபிட்டுத்தனம் இல்லாத சூழலில் மாட்டிக்கொள்ளும்போதுதான் ஹாபிட்டுகள் சுவாரசியம் என்று லூயிஸ் சொன்னதை, 1938-ல் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில் டோல்கீனே குறிப்பிடுகிறார். பதிப்பாளரின் இளவயது மகனும் இதே குறையைச் சொல்லியிருந்தார். கதை தடம் பிடித்ததில் இதற்குப் பங்கு உண்டு.

அப்புறம் போர் வந்தது. வகுப்புகள், தேர்வுத் தாள்கள், இரவுநேர வான்தாக்குதல் காவல் வேலை. காகிதத் தட்டுப்பாட்டில் பழைய தேர்வுத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினார். கதை மோரியா சுரங்கத்தில் ஒரு கல்லறை அருகே வந்ததும் நின்றுவிட்டது. திரும்ப எடுக்கக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆயிற்று என்று பின்னாளைய முன்னுரையில் அவரே சொல்கிறார். 1941 கடைசியில் கொஞ்சம் நகர்ந்தது. 1942-ல் இன்னொரு பெரும்பகுதியின் முதல் வரைவு முடிந்தது. பிறகு மறுபடி நிறுத்தம். மேலே என்ன நடக்கும் என்பது புலப்படவில்லை, யோசிக்க நேரமும் இல்லை.

இந்த இரண்டாவது நிறுத்தம் உடைந்த விதம்தான் இந்த ஆய்வின் நெருக்கமான காட்சி. 1944 மார்ச் கடைசியில் டோல்கீன் தன் மகன் கிறிஸ்டோஃபருக்குக் கடிதம் எழுதுகிறார். மகன் அப்போது விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். நாவலை முடிக்கச் சொல்லி லூயிஸ் தன்னை நெருக்குகிறார், தனக்கும் கொஞ்சம் நெருக்கடி தேவைதான், அநேகமாக வழிக்கு வந்துவிடுவேன் என்பது செய்தி. ஏப்ரல் தொடக்கத்தில் மெல்லக் கொறிக்க ஆரம்பித்துவிட்டதாக எழுதுகிறார். வேலை வலி மிகுந்ததாக இருக்கிறது என்றும் சொல்கிறார். சில நாளில், சதுப்புநிலத்தைக் கடக்கும் அத்தியாயத்தை ஒரு புதன்கிழமை காலையில் லூயிஸுக்கும் குழுவின் இன்னொரு எழுத்தாளரான சார்லஸ் வில்லியம்ஸுக்கும் வாசித்துக் காட்டினேன், ஒப்புதல் கிடைத்தது, அடுத்த அத்தியாயமும் முடியப்போகிறது என்று இன்னொரு கடிதம். மே மாதக் கடைசியில் பத்து அத்தியாயங்கள் கொண்ட ஒரு முழுப் பகுதி முடிந்துவிட்டது. கடைசி அத்தியாயத்தைக் கேட்டு லூயிஸ் கண்கலங்கினார் என்பதையும் மகனுக்குத் தெரிவிக்கிறார். எழுத எழுத அத்தியாயங்கள் மகனுக்கும் தொடர்கதையாகப் போய்க்கொண்டிருந்தன.

இரண்டு வருடம் நகராதது இரண்டு மாதத்தில் நகர்ந்தது. இதிலிருந்து சிலவற்றைப் பிரித்துப் பார்க்கலாம்.

வாசிப்பு நடந்தது புதன்கிழமை காலையில், இரண்டே இரண்டு பேர் முன்னால். வியாழக்கிழமை முழு வட்டத்தின் முன்னால் இல்லை. நின்றுபோன ஒருவர் மறுபடி தொடங்கும்போது, எழுதியது இன்னும் காயாமல் இருக்கும்போது, ஆறேழு பேர் கொண்ட தீர்ப்பாயம் அவருக்கு அதிகம். பெரிய குழுவுக்குள் இரண்டு மூன்று பேர் கொண்ட சின்னக் கூட்டு தானாக முளைத்து, கஷ்டமான கட்டத்தை அதுதான் தாங்கியது. குழு நடத்துகிறவர்கள் இப்படித் தனியாகப் பிரிந்து சந்திப்பவர்களைச் சந்தேகமாகப் பார்ப்பதுண்டு. இந்த வழக்கில் நாவலைக் காப்பாற்றியது அந்தத் தனிச் சந்திப்புதான்.

எழுதியதற்கும் வாசித்துக் காட்டியதற்கும் இடையே நாட்கள்தான் இடைவெளி. முழுதும் முடித்துச் செப்பனிட்டுக் காட்டுவோம் என்று அவர் காத்திருக்கவில்லை. இயல்பில் அவர் அப்படிக் காத்திருக்கக்கூடிய ஆள்தான். ஒரு பிழை கண்ணில் பட்டால் முதலிலிருந்து திருப்பி எழுதுகிறவர். அடுத்த அத்தியாயத்துக்கு ஆள் காத்திருந்ததால் பின்னோக்கித் திருத்தப் போகாமல் முன்னோக்கிப் போக வேண்டியிருந்தது.

லூயிஸின் நெருக்குதல் ‘தினமும் இவ்வளவு எழுது’ என்ற வகையைச் சேர்ந்தது இல்லை. அவருக்குக் கதை வேண்டியிருந்தது, அடுத்து என்ன ஆகிறது என்று தெரிய வேண்டியிருந்தது. இதை நடிக்க முடியாது. ஆறு வருடமாகக் கூடவே கேட்டு வந்த ஒருவருக்குத்தான் அந்தப் பசி இருக்கும். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் குழுவில் எவ்வளவு நல்ல மனது இருந்தாலும் இது உண்டாவதில்லை.

அந்த மே மாதத்துக்குப் பிறகு மறுபடி நிறுத்தம். 1945 மே மாதத்தில் வில்லியம்ஸ் எதிர்பாராமல் இறந்துபோனார். டோல்கீனுக்குப் புதிய பேராசிரியர் பதவி வந்தது. 1946-லிருந்து வேலை மெல்லச் சூடுபிடித்து, 1948-ல் வரைவு முடிந்து, 1949 இலையுதிர் காலத்தில் தட்டச்சுப் பிரதி தயாரானது. தொழில்முறைத் தட்டச்சருக்குக் கொடுக்கப் பணமில்லாமல் அவரே பெரும்பகுதியைத் தட்டினார். முழுப் பிரதியைப் படித்து லூயிஸ் அக்டோபரில் வாழ்த்துக் கடிதம் அனுப்பினார். நூல் 1954, 1955 வருடங்களில் மூன்று பாகமாக வெளிவந்தது.

தாக்கமா, ஊக்கமா

ஆய்வாளர்களிடையே ஒரு பழைய தகராறு உண்டு. இந்த நண்பர்கள் ஒருவர் எழுத்தை ஒருவர் மாற்றினார்களா? 1978-ல் இந்தக் குழுவைப் பற்றி முதல் பெரிய நூலை எழுதிய ஹம்ஃப்ரி கார்ப்பென்டர், பெரிதாக இல்லை என்ற பக்கம் சாய்ந்தார். லூயிஸே 1959-ல் அதற்குச் சாட்சி சொல்லியிருந்தார்: டோல்கீனை யாராலும் மாற்ற முடியாது, விமர்சனத்தைக் காதிலேயே வாங்க மாட்டார், இல்லாவிட்டால் முழுவதையும் முதலிலிருந்து எழுத ஆரம்பித்துவிடுவார். 2007-ல் டயானா க்ளையர் பிரதிகளையும் கடிதங்களையும் ஒப்பிட்டு, ஆதரித்தவர், எதிர்த்தவர், திருத்தியவர், கூட்டாக எழுதியவர் என்று பல வழிகளில் பாதிப்பு இருந்ததைக் காட்டினார்.

க்ளையர் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. லூயிஸின் சாட்சியத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. விமர்சனம் கேட்டு முழுவதையும் திரும்ப எழுதுவது பாதிப்பு இல்லாமல் வேறென்ன? ஆனால் பழக்கத்தைப் பற்றிய நம் கேள்விக்கு டோல்கீன் 1965-ல் எழுதிய கடிதம்தான் முக்கியம். லூயிஸுக்குத் தான் பட்டிருக்கும் கடன் தீர்க்க முடியாதது, அது வழக்கமான பொருளில் தாக்கம் இல்லை, வெறும் ஊக்கம் என்கிறார். வெகுகாலம் அவர் ஒருவர்தான் தன் வாசகர். தன் எழுத்து சொந்தப் பொழுதுபோக்குக்கு மேலானது என்ற எண்ணமே அவரிடமிருந்துதான் வந்தது. இன்னும் வேண்டும் என்று அவர் ஓயாமல் ஆசைப்பட்டிராவிட்டால் நாவலை முடித்திருக்கவே மாட்டேன் என்கிறார். இதை எழுதும்போது லூயிஸ் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, இருவருக்குமிடையே நெருக்கம் குறைந்தும் பல வருடம் ஆகியிருந்தது. முகத்துக்கு நேரே சொன்ன உபசார வார்த்தை இல்லை என்பதால் இதற்குக் கனம் அதிகம்.

மற்றவர்கள்

டோல்கீனையே பார்த்துக்கொண்டிருந்தால் வாரன் லூயிஸைத் தவறவிடுவோம். ஓய்வுபெற்ற ராணுவ மேஜர். கல்லூரி ஆசிரியர் இல்லை. பதினான்காம் லூயி காலத்துப் பிரான்ஸில் அவருக்கு ஈடுபாடு. 1944-ல் ஒரு வியாழக்கிழமை அவர் அதைப் பற்றி ஓர் அத்தியாயம் வாசித்ததை டோல்கீன் மகனுக்கு எழுதுகிறார்: எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வமே கிடையாது, ஆனால் படிப்பும் நகைச்சுவையுமாக நன்றாக இருந்தது. தனக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைக் கடைசிவரை கேட்டு, அதில் நல்லதைக் கண்டு சொல்லும் ஆட்கள் கிடைப்பது அபூர்வம். வாரனின் முதல் வரலாற்று நூல் 1953-ல், அவர் ஐம்பதைத் தாண்டியபின், வெளிவந்தது. மொத்தம் ஏழு நூல்கள் எழுதினார்.

ராபர்ட் ஹாவர்ட் குடும்ப மருத்துவர். அவரை எழுத்தாளர் என்று சொல்ல முடியாது. வேதனை பற்றி லூயிஸ் எழுதி 1940-ல் வெளியிட்ட சமயச் சிந்தனை நூல் இந்தக் குழுவில் வாசிக்கப்பட்டது. அதன் பின்னிணைப்பாக, நோயாளிகளிடம் தான் பார்த்த வலியைப் பற்றி ஹாவர்ட் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். நூலும் இன்க்லிங்ஸுக்கே சமர்ப்பணமானது. எல்லோருமே எழுதுகிறவர்களாக இருக்கும் குழுவில் ஒவ்வொருவரும் தன் முறைக்காகக் காத்திருப்பார்கள். கேட்பதற்கென்றே வருகிற ஒன்றிரண்டு பேர் இருந்தால் வாசிப்பவருக்கு நிம்மதி.

பழுதான இடங்கள்

ஹ்யூகோ டைசன் நல்ல பேச்சாளர், கலகலப்பானவர். ஆனால் வாசித்துக் கேட்பதைவிட அரட்டையே அவருக்கு உவப்பு, டோல்கீனின் கதை அறவே பிடிக்கவில்லை. 1947 ஏப்ரலில் வாரன் நாட்குறிப்பில் எரிச்சலோடு எழுதுகிறார்: அத்தியாயத்தைத் தொடங்கும் நேரத்தில் ஹ்யூகோ உள்ளே வந்தார், அவருக்கு இப்போது தடுக்கும் உரிமை இருப்பதால் நிறுத்த வேண்டியதாயிற்று, இது நியாயமே இல்லை.

விதிகள் இல்லாத குழுவின் பலவீனம் இங்கே தெரிகிறது. யாரும் டைசனுக்கு அந்த உரிமையை முறைப்படி கொடுத்ததாகத் தெரியவில்லை. சத்தமாகச் சலித்துக்கொண்டார், மற்றவர்கள் சண்டை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். இந்த வரி மோசம் என்று லூயிஸ் சொன்னபோது டோல்கீன் அதை எடுத்துக்கொண்டு வேலைசெய்ய முடிந்தது. இதை வாசிக்கவே வேண்டாம் என்று டைசன் சொன்னதை வைத்துக்கொண்டு எதைத் திருத்துவது? கடுமையான விமர்சனத்தைப் பல வருடம் தாங்கிய குழு இந்தச் சலிப்பைத் தாங்கவில்லை. டைசன் ஒருவர்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். வில்லியம்ஸ் போய்விட்டார், எல்லோருக்கும் வயதும் வேலையும் கூடியிருந்தன. ஆனாலும் வாசிக்க ஏதாவது கொண்டுபோகலாம் என்ற நம்பிக்கை குறைந்த இடத்துக்கு வாராவாரம் போவதற்கு என்ன காரணம் இருக்கும்? 1949 அக்டோபர் கடைசியில் ஒரு வியாழன், யாரும் வரவில்லை என்று வாரன் குறித்திருக்கிறார். வியாழக்கிழமை வாசிப்புகள் அதோடு முடிந்தன. பப் சந்திப்புகள் மட்டும் 1963-ல் லூயிஸ் இறக்கும்வரை ஏதோ ஒரு வடிவில் நீடித்தன.

ஊக்கம் எல்லா நேரமும் பலிக்கவும் இல்லை. 1930-களின் நடுவில் லூயிஸும் டோல்கீனும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். நமக்குப் பிடித்த மாதிரிக் கதைகளை யாரும் எழுதுவதில்லை, நாமே எழுதுவோம். லூயிஸுக்கு விண்வெளிப் பயணம், டோல்கீனுக்குக் காலப் பயணம். லூயிஸின் நாவல் 1938-ல் வெளியானது. பதிப்பாளரிடம் அதற்குப் பரிந்து எழுதியவர் டோல்கீன். டோல்கீனின் பங்கு நாலைந்து அத்தியாயத்தோடு நின்றது, கடைசிவரை முடியவில்லை. அதே நட்பு, அதே நெருக்குதல், ஆனால் ஒரு கதை பிழைத்தது, இன்னொன்று பிழைக்கவில்லை.

குழுவின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பெண்கள் யாரும் உறுப்பினர் இல்லை. வாரத்தில் ஓர் இரவை இப்படி ஒதுக்கிவைக்க முடிந்தது வீட்டு வேலையை வேறு யாரோ பார்த்ததால்தான். இந்த முறையை அப்படியே எடுத்து நடத்துவதாக இருந்தால், முதலில் யாருக்கு அந்த இரவு கிடைக்கும் என்று கேட்க வேண்டியிருக்கும்.

வெளியிலிருந்து ஓர் அளவுகோல்

ஒரே ஒரு குழுவை வைத்துப் பொதுமுடிவு சொல்வது ஆபத்து. உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ் 1989-ல் வெளியிட்ட ஆய்வு பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தகுந்தது. பல்கலைக்கழக ஆசிரியர்களை மூன்று பிரிவாக அவர் கவனித்தார். நேரம் கிடைக்கும்போது மொத்தமாக உட்கார்ந்து எழுதும் பழைய முறையிலேயே இருந்தவர்கள் வருடத்துக்குச் சராசரி 17 பக்கம் எழுதினார்கள். தினமும் கொஞ்சம் எழுதி அதைக் குறித்துவைத்தவர்கள் 64 பக்கம். தினமும் எழுதிக் குறித்துவைத்ததோடு, அதை வாராவாரம் இன்னொருவரிடம் காட்டவும் வேண்டியிருந்தவர்கள் 157 பக்கம். கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், கேட்க ஓர் ஆள் இருந்தது. அதுவே இரண்டு மடங்குக்கு மேல் கூட்டிக் காட்டியது.

இன்க்லிங்ஸ் இதில் பாதிக்குத்தான் ஒத்துப்போகிறது. வாராவாரம் கேட்பவர்கள் இருந்தார்கள், சரி. ஆனால் யாரும் பக்கக் கணக்குப் பார்க்கவில்லை, டோல்கீன் தினமும் எழுதவும் இல்லை. பாய்ஸின் முறை வேலையை ஓடவைக்க ஏற்றது. கட்டுரை, ஆய்வேடு, கெடு உள்ள எழுத்துக்கு அதையே பரிந்துரைப்பேன். பல வருடம் இழுக்கும் படைப்பில் நிறுத்தங்கள் வந்தே தீரும். அப்போது எழுதாத வாரங்களின் கணக்குப் புத்தகம் அவமானப் பட்டியலாக மாறிவிடக்கூடும். எழுதாமல் வந்து உட்காரவும் இடம் உள்ள குழு அங்கே மேல்.

ஒரே வட்டம் போதுமா

1949-ல் லூயிஸ் நார்னியா என்ற தன் சிறுவர் கதையின் தொடக்கத்தை டோல்கீனுக்கு வாசித்துக் காட்டினார். டோல்கீனுக்குப் பிடிக்கவேயில்லை, அதை மறைக்கவும் இல்லை. பன்னிரண்டு வருடம் அவருடைய கதைக்குக் காதுகொடுத்த நண்பருக்கு அது வலித்திருக்கும். லூயிஸ் அதே பிரதியை ரோஜர் லேன்ஸ்லின் கிரீன் என்ற இளம் நண்பரிடம் கொண்டுபோனார். முன்பு ஆக்ஸ்ஃபோர்டில் லூயிஸின் விரிவுரைகளைக் கேட்ட மாணவர் அவர். அவர் ரசித்துக் கேட்டார், மேலே எழுதச் சொன்னார். 1950 முதல் 1956 வரை வருடத்துக்கு ஒன்றாக ஏழு நூல்கள் வந்தன.

குழுவில் ஒருவருடைய எழுத்து எடுபடாமல் போகும்போது, பெரும்பாலும் அவரே தன் எழுத்தில்தான் கோளாறு என்று முடிவுகட்டிவிடுகிறார். குழு நடத்துகிறவர் அந்தக் கட்டத்தில் செய்யக்கூடிய உருப்படியான உதவி, அந்த வகை எழுத்தை விரும்பிப் படிக்கிற வேறு ஒருவர் யார் என்று யோசித்து அவரிடம் பிரதியை அனுப்பச் சொல்வது. அதற்காக அவர் இந்தக் குழுவை விட்டுப் போக வேண்டும் என்பதும் இல்லை. நார்னியாவைப் பிடிக்காத நண்பரோடு லூயிஸ் செவ்வாய்க்கிழமைகளில் அதே பப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டுதான் இருந்தார்.